முத்துப்பேச்சி கட்டிய கயிறு

முத்துப்பேச்சிக்குக் கோபம் வந்தால் முதலில் கை நீளும், பிறகுதான் வாய் திறக்கும். ராசிங்காபுரத்தில் பாவாடை தாவணியோடு திரிந்த நாளிலேயே அப்படித்தான். வாய்க்கால் தண்ணீரைத் திருட்டுத்தனமாக மடை மாற்றிவிட்ட பங்காளியை மண்வெட்டிக் காம்பால் முதுகில் போட்டாள். பெண் பார்க்க வந்தவன் ஒருவன், பல் வரிசை எப்படியிருக்கிறது, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கப்போக, சூடான காபி அவன் சட்டையில் போய் விழுந்தது.

"இவளைக் கட்டிக்கிறவன் தலையில இரும்புச்சட்டியைக் கவுத்துக்கிட்டுத்தான் படுக்கணும்" என்று அவள் அண்ணன் கோட்டைச்சாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் மட்டும் என்ன சாதுவா? முதுகில் அரிவாளைச் செருகாமல் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டான். குடும்பமே அப்படி, யாரை என்ன சொல்ல!

கட்டிக்கொண்டவன் போடியில் சொந்தமாக ஜீப்பு ஓட்டிய சுருளி. அதட்டிப் பேசத் தெரியாத மனிதன். அவள் கை ஓங்கினால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வான். வாங்கிவிட்டு, "சரி, அடிச்சு முடிச்சாச்சா? பசிக்குது புள்ள, சோத்தைப் போடு" என்பான். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதை வாயால் சொல்லத்தான் அவளுக்கு வராது. மழை நாளில் மலையிலிருந்து அவன் இறங்கி வரத் தாமதமானால் வாசலில் நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். வந்ததும் முதுகில் ஒன்று வைப்பாள். பிறகு தலையைத் துவட்டிவிடுவாள்.

சுருளியின் சோலி, விடியக் காலையில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவது, சாயந்தரம் அவர்களை இறக்கிக் கொண்டுவருவது. உள்ளே நெருக்கி உட்கார்ந்தது போக, பின்னால் தொங்கிக்கொண்டும் வருவார்கள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். அந்தப் பாதையில் அத்தனை உயிரையும் தாங்குவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன நட்டுகள்தான். ஏறுகிறவர்கள் யாராவது அதைக் குனிந்து பார்த்திருக்கிறார்களா? மாட்டார்கள். இடம் கிடைத்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

எழுபத்தெட்டாம் வருசம் என்று ஞாபகம். எவனோ ஒரு தோட்டத்து முதலாளி அகலச் சக்கரம் போட்ட ஜீப்பில் வந்து பஸ்ஸ்டாண்டுப் பக்கம் இறங்கினான். அன்றோடு போடி டிரைவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது. டீ குடித்தால் அதே பேச்சு, பீடி குடித்தால் அதே பேச்சு. கம்பெனிக்காரன் ஒரு கணக்குப் போட்டுத்தானே சக்கரம் வைத்து அனுப்புகிறான்? அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறவன் அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்க்க வேண்டாமா? அதெல்லாம் யாருக்கு வேண்டும்! வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டும், அது போதும். ஒன்றுக்கும் ஆசைப்படாத சுருளியே ஆசைப்பட்டுவிட்டான். மதுரைக்குப் போய் டயர் உட்காரும் அகல இரும்பு டிஸ்க்கும் டயருமாக வாங்கி, லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினான்.

மாட்டிக்கொடுக்க முந்தல் ரோட்டில் காசிராஜன் கடை. கையில் வேலை உண்டு, வாய் மட்டும் சாக்கடை. வண்டி கொண்டுவருகிறவனின் தாய் தகப்பனை இழுக்காமல் அவனுக்கு ஒரு நட்டைக் கழற்ற வராது. சுருளி இறக்கிய டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்ததும், "எந்தக் கூமுட்டைடா இதுக்கு இம்புட்டுப் பெயின்ட்டை அப்புனவன்?" என்று ஆரம்பித்தான்.

ஆனால் வேலையை வேலையாகச் செய்தான். டிஸ்க்கின் பின்புறம், அச்சின் முனையிலிருக்கும் பிரேக் டிரம்மோடு ஒட்டி உட்காரும் இடத்துப் பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வெள்ளை இரும்பாக்கினான். டிரம்மில் இருந்த துருவையும் சுரண்டினான். "இரும்பும் இரும்பும் ஒட்டணும்டா. நடுவுல வேற எது இருந்தாலும் நட்டு அதைத்தான் புடிக்கும், சக்கரத்தைப் புடிக்காது" என்றான். நட்டின் கூம்பு முனை டிஸ்க்கின் ஓட்டைக்குள் பொருந்தி உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். பொருந்தாத இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போட்டான். முதலில் விரலாலேயே திருகினான். அப்புறம் ஸ்பேனரால், ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை. ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு மறுபடி ஒரு முறுக்கு. அந்தக் கால ஜீப்புக்கு இடது பக்கத்து நட்டெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் முறுகும். அது தெரியாமல் மல்லுக்கட்டி, நட்டு ஏறும் ஸ்டட்டை முறித்தவர்கள் போடியில் நிறையப் பேர்.

கடைசியாக ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தான். அகல டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசியது. உரசாதபடி திருப்பத்தைக் குறைத்து வைத்தான். "இனிமே வண்டி பெரிய வட்டம் போட்டுத்தான் திரும்பும். கொண்டை ஊசி வளைவுல ஞாபகம் இருக்கட்டும். நாளைக்கு ஒரு நடை ஏறி இறங்குனதும் நேரா எங்கிட்ட வரணும். புது டிஸ்க்கு உக்காரும், நட்டு தளரும், திரும்ப முறுக்கணும். வராம மறு நடை போனியன்னா செருப்புப் பிஞ்சிரும்."

அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சி வந்தாள். கையில் கன்னங்கரேலென்று ஒரு கயிறு. ஆட்டுமயிரில் திரித்து, குறி சொல்லும் கோடாங்கியிடம் கொடுத்து மந்திரித்து வாங்கியது. ஜீப்பின் சக்கரத்தைப் பஸ்ஸ்டாண்டே நின்று வேடிக்கை பார்க்குமே, கண் பட்டுவிடாதா?

"அண்ணே, இதைச் சக்கரத்துக்குள்ள கட்டி மாட்டுங்க. வெளிய கட்டுனா பலிக்காதுன்னு கோடாங்கி சொல்லிட்டாரு."

"உள்ளயா? இவ்வளவு நேரம் நான் எதுக்குத் தேய்ச்சேன்? பம்பர்ல கட்டு, கண்ணாடியில கட்டு, ஒம் புருசன் கழுத்துல வேணும்னாலும் கட்டு. சக்கரத்துக்குள்ள ஒரு நூலு விடமாட்டேன்."

"எம் புருசன் உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

"கோடாங்கியா வந்து ஜீப்பு ஓட்டப் போறான்? போவியா, மூதேவி!"

விழுந்தது அறை. பளீரென்ற சத்தத்தில் எதிர்க்கடைக்காரன் எழுந்து நின்றுவிட்டான். சுருளி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டான். காசிராஜன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். கை ஸ்பேனரை இறுக்கியது, பிறகு தளர்ந்தது. "பொம்பளைய அடிச்சுப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடுங்கி, தன் கையாலேயே முன் பம்பரில் கட்டிவிட்டான். "வண்டிய எடுத்துக்கிட்டு வெரசாக் கெளம்புங்க."

அவள் விடுகிற ஆளா? மறுநாள் விடியலில் சுருளி கிணற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில் ஜாக்கியை எடுத்தாள். டிரைவர் பெண்டாட்டி, டயர் மாற்றத் தெரியாதா? முன் இடது சக்கரத்தைக் கழற்றினாள். பம்பரிலிருந்த கயிற்றை அவிழ்த்து, அஞ்சு ஸ்டட்டையும் சுற்றி நெருக்கிக் கட்டினாள். அதன்மேல் சக்கரத்தை ஏற்றினாள். நட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, ஸ்பேனரின்மேல் காலை வைத்து ஏறி நின்று அழுத்தினாள். ஆம்பளை முறுக்கினால்கூட அவ்வளவு இறுக்கம் இருக்காது. "மாரியாத்தா, பாத்துக்க" என்று சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குளித்துவிட்டு வந்த சுருளிக்கு எதுவும் தெரியாது. பம்பரில் கயிறு இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

அன்று நடை போய் நல்லபடியாகத் திரும்பினான். "காசி அண்ணன்கிட்டக் காட்டிட்டு வந்துர்றேன் புள்ள" என்று கிளம்பியவனை மறித்தாள். காட்டினால் அந்த ஆள் கயிற்றைப் பார்த்துவிடுவானே!

"என்னை மூதேவின்னு சொன்னவன் கடை வாசல மிதிக்கக் கூடாது. மிதிச்சா இந்த வீட்டு வாசல மிதிக்காதே."

சுருளி தலையைச் சொறிந்தான். எப்போதும் போல அவள் சொன்னதைக் கேட்டான்.

மறுநாள் காலை, பாதி மலை ஏறியிருக்கும்போது இடது பக்கத்தில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. பொம்பளைகள் பேசிச் சிரித்துக்கொண்டு வந்ததில் சுருளிக்கு அது கேட்கத் தாமதமாகிவிட்டது. வளைவு முடிகிற இடத்தில் சக்கரம் கழன்று, வண்டிக்கு முன்னால் தானாக ஓடி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் குதித்தது. ஜீப்பின் மூக்கு தரையில் குத்தியது. அப்படியே இழுபட்டுச் சுவரை இடித்துக்கொண்டு பாதி வெளியே தொங்கியது. "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தான் சுருளி. காலை எடுத்தால் வண்டி போய்விடும். பொம்பளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து, மண்டை உடைந்து, கை பிசகி, எப்படியோ எல்லாரும் ரோட்டில் குதித்துவிட்டார்கள். கடைசி ஆள் குதித்ததும் பின்பக்கம் பாரம் குறைந்தது. சுவர் பெயர்ந்தது. சுருளியோடு வண்டி கீழே போனது.

கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். முத்துப்பேச்சி துணியை விலக்கிப் பார்த்தாள். பார்க்கும்படியாக ஒன்றும் மிச்சமில்லை. "பாவிப்பயலே, நீயும் குதிச்சிருக்கலாமேடா!" என்று அந்த உடம்பையே அடித்தாள். அடித்து ஓய்ந்ததும் எழுந்தாள். சக்கரம் கழன்று விழுந்ததாம் என்று யாரோ சொன்னது அப்போதுதான் அவள் காதில் ஏறியது.

காசிராஜன் செய்தி கேட்டுக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தான், துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வருவதற்காக. தலைவிரி கோலமாக அவள் வருவதைக் கண்டு, "ஆத்தா..." என்று ஒரு எட்டு முன்னால் வந்தான். கடை வாசலில் கிடந்த நீள ஸ்பேனர் அவள் கையில் ஏறிவிட்டது.

"நட்டைத் தளர விட்டுத்தானே அனுப்புன? நான் அறைஞ்சதுக்கு எம் புருசனைக் கொன்னுட்டியேடா!"

"நான் சரியாத்தான் மாட்டுனேன். காட்டச் சொன்னேன், அவன் வரலை. சாமி சத்தியமா..."

முதல் அடி தோளில். இரண்டாவது அடிக்கு அவன் வலது கையை மறைப்புக் கொடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்தது. விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அதே கையில், அதே இடத்தில், கூழாகிற வரைக்கும் அடித்தாள். நாலு பேர் சேர்ந்துதான் இழுத்தார்கள். கோட்டைச்சாமி வந்து சேர்ந்தபோது மேல்மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கையோட ஏன் விட்டுவச்ச? கருமாதிக்கு முன்னாடி இவன் தலை உருளும்" என்று நடுரோட்டில் வைத்துச் சத்தியம் செய்தான் அண்ணன். போடியில் ஒருத்தரும் அது தப்பென்று சொல்லவில்லை. செத்தவன் சுருளி அல்லவா? அவனைப் பிடிக்காத ஆள் யார்?

சில நாள் கழித்து, நொறுங்கிய ஜீப்பைச் சங்கிலி போட்டு மேலே இழுத்து, லாரியில் ஏற்றி முந்தலில் கொண்டுவந்து போட்டார்கள். கூட்டம் கூடியது. முத்துப்பேச்சியும் அண்ணனோடு வந்து நின்றாள். பழைய டிரைவர் பிச்சைமணி குனிந்து, சக்கரம் கழன்ற டிரம்மைப் பார்த்தார். ஸ்டட்டுகள் மழுங்கியிருந்தன. அவற்றின் அடியில் கறுப்பாக என்னவோ அப்பிக்கிடந்தது. பேனாக்கத்தியால் நெம்பினார். நசுங்கித் தட்டையாகிப்போன ஆட்டுமயிர்க் கயிறு.

"அடப்பாவிகளா! இதுக்கு மேலயா சக்கரத்தை மாட்டுனாங்க? எம்புட்டு முறுக்குனாலும் நிக்காதேப்பா. ஓட ஓடக் கயிறு நசுங்கும், நட்டு லூசாகும். இதை உள்ள வச்சவன்தான் சுருளியைக் கொன்னவன்."

"பாத்துக்கங்கய்யா! எல்லாரும் பாத்துக்கங்க!" என்று கோட்டைச்சாமி கர்ஜித்தான். "கயித்தை உள்ள வச்சுக் கொன்னுருக்கான் காசிராஜன்!"

முத்துப்பேச்சி குனிந்து கயிற்றைப் பார்த்தாள். அந்தக் கயிற்றின் முடிச்சு அவள் போட்ட முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி மேலே ஒரு சுருக்கு, கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு. வேறு யாருக்கும் அது தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. அண்ணனோ தன் முதுகிலிருந்து அரிவாளை உருவிவிட்டான்.

"அண்ணே, அது நான்" என்றாள். அவன் காதில் விழவில்லை. "அண்ணே! நாந்தான் கட்டுனேன். சக்கரத்தைக் கழட்டி நாந்தான் உள்ள வச்சேன். அந்த ஆளு வேணாம்னாரு. எம் புருசனை நாந்தாண்ணே கொன்னேன்!"

"கிறுக்கு புடிச்சுப்போச்சு இவளுக்கு" என்று அவளைத் தள்ளிவிட்டு ஓடினான் கோட்டைச்சாமி.

காசிராஜன் வீடு பக்கத்துத் தெருதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கதவு ஒரே உதையில் திறந்தது. எழுந்திருக்கக்கூட அவனால் முடியவில்லை. அரிவாள் ஓங்கி இறங்கியது. பின்னாலேயே ஓடிவந்தவள் குறுக்கே பாய்ந்து வெறும் கையால் அதைப் பிடித்தாள். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் துண்டாகித் தரையில் விழுந்தன. ரத்தம் காசிராஜன் முகத்தில் தெறித்தது. அப்போதும் விடவில்லை. மிச்ச விரல்களால் அரிவாளை இழுத்துக்கொண்டு, வலது கையால் கூடப்பிறந்தவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள்.

"நாந்தான்னு சொல்றேன், கேக்கலையா? வெட்டுறதுன்னா என்னை வெட்டுடா!"

கோட்டைச்சாமி அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தான். அரிவாளைக் கீழே போட்டான். அவள் வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டான், சுருண்டு விழுந்தாள். காறித் துப்பிவிட்டுப் போனவன்தான், சாகிற வரைக்கும் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையை உடைத்த கேசில் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். ராசிங்காபுரத்துக்குப் போகவில்லை. நேராகக் காசிராஜன் கடைக்கு வந்தாள். அவன் வலது கை கொடியில் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கியது. வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தும், அவன் வாய்க்குப் பயந்து ஒருத்தனும் நிற்கவில்லை. அவளைக் கண்டதும் டயர் மாட்டும் கம்பியை இடது கையால் எறிந்தான். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. நகரவில்லை. மறுநாளும் வந்தாள், அன்றும் அடி, அன்றும் நகரவில்லை. கடைசியில் ஒருநாள் ஒரு ஜீப்பு வந்து நின்றது. அவன் ஒற்றைக் கையால் ஜாக்கியோடு மல்லாடினான். அவள் போய் அதை வாங்கி முட்டுக்கொடுத்துத் தூக்கினாள்.

"இடது பக்கம். எந்தப் பக்கம்டி திருப்பணும், புருசனைத் தின்னவளே?"

"முறுக்க எதிர்ப்பக்கம்" என்றாள்.

"முறுக்கு."

அன்றிலிருந்து அவன் வைதுகொண்டே சொல்ல, அவள் வாங்கிக்கொண்டே மாட்டினாள். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. எட்டு விரலால் அவள் முறுக்கிய நட்டு தளர்ந்ததாகப் பேச்சில்லை. அதற்காகச் சாந்தமாகிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல் கொண்டுவந்தவனுக்கு அடி. சக்கரம் உரசினால் உரசட்டும் என்றவனுக்கு அடி. ஒரு நடை போய்விட்டு வந்து காட்டாதவனைத் தேடி பஸ்ஸேறி மெட்டுக்கே போய், பொம்பளைகளை இறக்கி நடக்கவிட்டு, டிரைவரை ரோட்டில் போட்டு உதைத்திருக்கிறாள். போலீஸ்காரர்கள்கூட, "அந்தம்மா விசயமா, விட்டுருங்கப்பா" என்பார்கள்.

எண்பத்தாறு வாக்கில், பொட்டிபுரத்துப் பையன் ஒருவன் புது ஜீப்பும் அகலச் சக்கரமுமாக வந்தான். கூடவே புதுப்பெண்டாட்டி. மஞ்சள் தாலிகூட இன்னும் வெளுக்கவில்லை. முத்துப்பேச்சி டிரம்மைச் சுரண்டித் துடைத்துவிட்டுச் சக்கரத்தைத் தூக்கப் போனாள். அந்தப் பெண் மடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தாள்.

"யக்கா, இதை உள்ள கட்டி மாட்டுங்க. அவரு உசுருக்குக் காவலு."

கடைக்குள் உட்கார்ந்திருந்த காசிராஜன் எழுந்து நின்றான். முத்துப்பேச்சி சக்கரத்தைக் கீழே வைத்தாள். அறைந்தாள் பாருங்கள் ஒரு அறை, அந்தப் பெண் சுழன்று டயர் அடுக்கின்மேல் போய் விழுந்தாள். உதடு கிழிந்துவிட்டது. "ஏய்!" என்று பாய்ந்து வந்த பையனைக் காசிராஜன் இடது கையால் நெஞ்சில் வைத்துத் தடுத்தான்.

முத்துப்பேச்சி குனிந்து அவளைத் தூக்கினாள். முந்தானையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

"வலிக்குதா, ஆத்தா? வலிக்கட்டும். அன்னைக்கு என்னை யாரும் இப்பிடி அடிக்கலையே."

தேம்பிக்கொண்டே அந்தப் பெண் கயிற்றை முன் பம்பரில் கட்டினாள். கட்டி முடிகிறவரை முத்துப்பேச்சி பக்கத்திலேயே நின்றாள். பிறகு சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருக ஆரம்பித்தாள். ஒரு நடை போனதும் வந்து காட்டச் சொல்லுடி என்று உள்ளேயிருந்து காசிராஜன் வைதான்.